பழைய காரில் ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா?

பத்து ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போனதும் அதே இடத்தில் இருபது ஆம்பியர் ஃபியூஸைச் செருகிக்கொண்டு வண்டியை ஓட்டுவது, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய கார்களை வைத்திருப்போரிடம் நான் அடிக்கடி காணும் வழக்கம். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகியிருந்த வண்டிகளும் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அந்தச் சுற்றில் ஓடும் ஒயர் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதைப் பார்த்தே ஃபியூஸின் அளவு முடிவு செய்யப்படுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுவிட்ட வண்டியில் கோளாறு வரும்போது, டேஷ்போர்டுக்குப் பின்னால் மற்ற ஒயர்களோடு கட்டுக்குள் கிடக்கும் அந்த ஒயரின் உறைதான் முதலில் உருகும். கருகல் வாசனை ஓட்டுநரின் மூக்குக்கு எட்டுவதற்குள் பக்கத்து ஒயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். கார் தீப்பிடிப்பதற்கு இவ்வளவே போதும்.

ஃபியூஸ் போகிறது என்று வருவோரிடம் நான் முதலில் கேட்பது, அது எப்போது போகிறது என்பதைத்தான். சுவிட்சைப் போட்ட நொடியிலா, சிறிது நேரம் ஓடிய பிறகா, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதா, மழை பெய்த மறுநாளா என்பது தெரிந்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். இன்று புழக்கத்தில் இருக்கும் தட்டையான பிளேடு ஃபியூஸ், தன் அளவுக்கு மேல் 10 சதவீதம் கூடுதலாக ஓடினாலும் மணிக்கணக்கில் தாங்கும். 35 சதவீதம் கூடினால் ஒரு நொடிக்குள்ளும் உருகலாம், பத்து நிமிடம் வரை தாக்குப்பிடிக்கவும் செய்யலாம். இரு மடங்கு ஓடினால் ஐந்து நொடிக்குள் போய்விடும். ஆகவே, போட்டவுடன் போகும் ஃபியூஸ் பெரும்பாலும் நேரடி ஷார்ட்டைக் காட்டுகிறது; அதாவது, மின்னோட்டம் விளக்கு, மோட்டார் வழியாகப் போகாமல் ஒயரிலிருந்து நேராக வண்டியின் தகட்டுக்குப் பாய்கிறது. தாமதித்துப் போவது, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து இறுகிய, காற்றை ஊதும் பிளோயர் மோட்டாரையோ, வைப்பரை அசைக்கும் துருவேறிய இணைப்புத் தண்டையோ காட்டுகிறது. குலுக்கலில் மட்டும் போவது, எங்கோ ஓர் ஒயர் தகட்டில் உரசுவதைச் சொல்கிறது.

போன ஃபியூஸைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் பயனுள்ளது. உள்ளே கரும்புகை படிந்து உலோகம் சிதறியிருந்தால் ஷார்ட் என்று கொள்ளலாம். கம்பி நடுவில் மட்டும் மெல்ல அறுந்திருந்தால் மிகைச்சுமை. கம்பி முழுதாக இருந்து, பிளாஸ்டிக் மட்டும் காலடியில் இளகியிருந்தால், கோளாறு ஃபியூஸ் பெட்டியின் தளர்ந்த கிளிப்பில் இருக்கிறது. அந்த வண்டியில் எத்தனை புதிய ஃபியூஸ் போட்டாலும் பயனில்லை. கிளிப்பை மாற்றத்தான் வேண்டும்.

ஷார்ட்டைத் தேடும்போது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பலி கொடுக்கத் தேவையில்லை. ஃபியூஸ் இருக்கும் இடத்தில், இரண்டு ஒயர் கோத்த 21 வாட் பிரேக் விளக்கு பல்பை இணைத்தால், ஷார்ட் இருந்தாலும் ஏறக்குறைய 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஒயரும் சூடாகாது. அந்தச் சுற்றில் உள்ள பல்புகளைக் கழற்றி, மியூசிக் சிஸ்டம் போன்றவற்றின் கனெக்டர்களையும் பிரித்த பிறகும் சோதனைப் பல்பு பிரகாசமாக எரிந்தால், ஒயரிலோ ஹோல்டரிலோதான் ஷார்ட். பிறகு ஒவ்வொரு பகுதியாக ஒயரைக் கையால் அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கே நின்றுவிடலாம். (ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதற்குரிய மஞ்சள் நிற கனெக்டர்களை எக்காரணம் கொண்டும் இப்படிச் சோதிக்கக் கூடாது.)

ஒரு ஹேட்ச்பேக் காரில் பார்க் லைட் ஃபியூஸ் மாதக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. பல இடங்களில் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. மேற்சொன்னபடி பல்பை மாட்டியபோது, பின்கதவு மூடியிருக்கையில் அது எரிந்தது. கதவைத் தூக்கியதும் அணைந்தது. நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் ஒயர், கூரையிலிருந்து கதவுக்குள் நுழையும் ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி உறை வெடித்திருந்தது. கதவை மூடினால்தான் செம்பு தகட்டைத் தொடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தவர் யாருக்கும் அது அகப்பட்டிருக்க வழியே இல்லை. அதே தடிமனுள்ள, நெகிழும் ஒயரைப் புதிதாகப் போட்டு, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை மாட்டினோம். இணைப்புகள் மடங்கும் இடத்துக்கு அப்பால் அமையுமாறு பார்த்துக்கொண்டோம். வெறும் இன்சுலேஷன் டேப்பை இங்கே நம்பக் கூடாது. நம் வெயிலில் அதன் பசை இளகி, டேப் தானாகக் கழன்றுவிடும்.

கதவுக் கீல்கள், என்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே ஒயர் நுழையும் துளையின் ரப்பர், கியர்பாக்ஸ் அருகே சூட்டில் காய்ந்துபோன ரிவர்ஸ் சுவிட்ச் ஒயர், நீர் புகுந்து துருப்பிடித்த பின்விளக்கு ஹோல்டர், எலி கடித்த இடங்கள் ஆகியவற்றை எப்போதும் பார்க்க வேண்டும். வண்டி வாங்கிய பின் யாரோ பொருத்திய ஹாரன், அலாரம், ஃபாக் லைட் ஒயர்களை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பாருங்கள்.

ஹெட்லைட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55) பல்புகள் இரண்டும் ஹை பீமில் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்டால் அது 16 ஆம்பியரைத் தாண்டிவிடும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள வண்டியில் இது உடனே போகாமல், இரவில் நெடுந்தூரம் ஓடும்போது போய், ஓட்டுநரைத் திடீரென இருட்டில் விடக்கூடும். தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்சுவிட்ச்), தனி ஃபியூஸ், தடித்த ஒயர் ஆகியவை இல்லாமல் அந்தப் பல்புகளைப் போடவே கூடாது.

வேலை முடிந்த பிறகு, ஃபியூஸ் இடத்தில் மீட்டரை வைத்து அந்தச் சுற்று உண்மையில் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று எலெக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு கையேட்டில் உள்ள அளவிலேயே, தரமான தயாரிப்பாகப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள். பிளேடு ஃபியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். பழைய வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் இருந்த எழுத்து அழிந்திருக்கும். எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்பதை அழியாத மையால் மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்தால், அடுத்து யார் கை வைத்தாலும் சரியான ஃபியூஸையே போடுவார்.