ஒரே வைரஸ், நாட்டுக்கு நாடு வேறு மரணக் கணக்கு: ஏன்?

2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு கணக்கு உலகையே கலங்க வைத்தது. கோவிட் உறுதியானவர்களில் அங்கே 7.2 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். சீனாவின் கணக்கில் அது 2.3 சதவீதம்தான். இத்தாலிக்குப் போனது வீரியம் கூடிய வைரஸ் என்று உடனே பேச்சு கிளம்பியது. நம் சாப்பாடும் வெயிலும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே கூடவே பரவியது. இரண்டும் ஆபத்தான நினைப்பு. எதிர்த்துச் செய்யக்கூடிய காரியங்களை அவை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன.

அந்த இத்தாலிக் கணக்கை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பாதி மர்மம் விலகும். அங்கே தொற்று உறுதியானவர்களில் 37.6 சதவீதம் பேர் 70 வயதைத் தாண்டியவர்கள், சீனாவில் 11.9 சதவீதம். 70 வயதுக்குக் கீழே இரு நாடுகளின் இறப்பு விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. 70-க்கு மேல் இத்தாலியில் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனாலும் மொத்த விகிதத்தை அவ்வளவு உயர்த்தியதில் முதியவர்களின் எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் தொற்றியவர்களில் இறந்தவர்கள் 25 வயதில் சுமார் 0.01 சதவீதம், 55-ல் 0.4, 65-ல் 1.4, 75-ல் 4.6, 85-ல் 15 என்று ஆய்வுகள் கணித்தன. இவ்வளவு செங்குத்தாக ஏறும் நோயில், சராசரி வயது வேறாக இருக்கும் இரு நாடுகளின் மொத்த விகிதத்தை நேரடியாக ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

அடுத்தது வகுக்கும் எண், அதாவது தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கை. எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து விகிதம் ஏறி இறங்கும். ஜெர்மனி தொடக்கத்திலேயே பரவலாகச் சோதித்தது. லேசான தொற்றுள்ள இளைஞர்களும் கணக்கில் வந்தார்கள், விகிதம் தாழ்ந்தது. நம் பக்கத்து உதாரணம் கேரளம். 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ரத்தமாதிரி ஆய்வில், தொற்றோ தடுப்பூசியோ உடலில் விட்டுச்செல்லும் எதிர்ப்பணு (ஆன்டிபாடி) இருந்தவர்கள் கேரளத்தில் 44.4 சதவீதம், தமிழ்நாட்டில் 69.2, மத்தியப் பிரதேசத்தில் 79. அந்த நாட்களில் தினசரி எண்ணிக்கையில் முன்னால் நின்றது கேரளம். அதைப் பார்த்து கேரள மாடல் தோற்றுவிட்டது என்று எழுதியவர்கள் இந்த ஆய்வைச் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். எதிர்ப்பணு குறைவு என்றால் அதுவரை தொற்றியவர்களும் குறைவு. தொற்றியவர்களைக் கண்டுபிடிப்பதில் அந்த மாநிலம் மற்றவற்றைவிட முன்னால் இருந்தது.

மரணத்தை எண்ணுவதிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் சோதனை செய்யாமலே கோவிட் என்று சந்தேகிக்கப்பட்ட மரணங்களையும் சேர்த்தது. பிரிட்டன் 2020 ஆகஸ்டிலிருந்து, பாசிட்டிவ் ஆன 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களை எண்ணியது. தென் அமெரிக்க நாடான பெரு தன் கணக்கை மறுபரிசீலனை செய்து 2021 மே 31 அன்று வெளியிட்டபோது, 69,342 என்றிருந்த எண்ணிக்கை ஒரே நாளில் 1,80,764 ஆனது.

இந்தியாவில் பிரச்சினை சான்றிதழிலேயே தொடங்குகிறது. பதிவாகும் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. அந்தப் படிவமும் பல சமயம் தவறாகவே நிரப்பப்படுகிறது. முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணமும், கீழே போகப் போக அதைக் கொண்டுவந்த காரணங்களும், கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் மூலமான நோயும் வர வேண்டும். மேலே தீவிர மூச்சுத்திணறல், அடுத்து நிமோனியா, கடைசியில் கோவிட். சர்க்கரை நோய் இருந்தால் அது இரண்டாம் பகுதியில். மேல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், இதயமும் மூச்சும் நின்றன என்பதைத் தவிர அதில் ஒரு தகவலும் இல்லை. கணக்கில் அது கோவிட் மரணமாக வராது. அதனால்தான் எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற கணக்கை வைத்து நாடுகளை ஒப்பிடுவது நல்லது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலகில் 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியாவுக்கு அது சொன்ன 47 லட்சத்தை அரசு ஏற்கவில்லை. ஆனால் மரணப் பதிவு முழுமையாக இருந்திருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை.

எண்ணும் முறையை எல்லாம் சரிசெய்த பிறகும் வித்தியாசம் மிஞ்சும். அது நிஜ வித்தியாசம். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பெரு 2020 மார்ச் 16-லேயே கடுமையான ஊரடங்கைத் தொடங்கிய நாடு. அப்படியிருந்தும் மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக அதிக மரணங்களைச் சந்தித்த நாடுகளில் ஒன்றானது. அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் குடும்பங்கள் அங்கே பெரும்பான்மை. பாதி வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால் சந்தைக்கு அடிக்கடி போயாக வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் நிவாரணத் தொகைக்காக வரிசையில் முண்டியடித்து நின்றார்கள். மருத்துவமனையிலோ ஆக்சிஜன் இல்லை. 99 சதவீதத் தூய்மையுள்ள ஆக்சிஜனையே வாங்க வேண்டும் என்ற பழைய விதியால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து 93 சதவீதம் தரும் பிஎஸ்ஏ பிளான்ட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. நோயாளிக்கு 93 சதவீதம் தாராளமாகப் போதும். அந்த விதியை 2020 ஜூனில்தான் தளர்த்தினார்கள்.

ஆக்சிஜன் கணக்கு எவ்வளவு சீக்கிரம் கைமீறும் என்று பாருங்கள். ஒரு ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு. ரிசர்வாயர் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் பதினொன்றரை மணி நேரம் வரும். அதே சிலிண்டரை, ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் 60 லிட்டர் வேகத்தில் விட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். 10,000 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 100 பேருக்கு நான்கு நாள் ஓடும். டேங்க் நிறைந்திருந்தும் தோற்ற இடங்கள் உண்டு. திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர் தன் திறனை மீறி இழுக்கப்பட்டால் பனிக்கட்டி படிந்து வரத்து குறையும். ஆக்சிஜன் போகும் செப்புக் குழாய் குறுகலாக இருந்தால் கடைசிப் படுக்கையில் அழுத்தம் இறங்கி வென்டிலேட்டர் அலறும். படுக்கை எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கிற அரசுகள் இந்தக் குழாய் விட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஆளும் வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பது நல்ல நிலை. ஆறு பேருக்கு ஒருவர் என்றாகும்போது சளி உறிஞ்சுவதும் குப்புறப் படுக்க வைப்பதும் தள்ளிப்போகும், உயிர்கள் போகும். ஆப்பிரிக்காவின் 10 நாடுகள், 64 மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைக்கு வந்தவர்களை 2021-ல் ஒரு ஆய்வு கணக்கெடுத்தது. இறந்தவர்கள் 48.2 சதவீதம், உலகச் சராசரி 31.5 சதவீதம். வைரஸ் அதே வைரஸ்தான்.

மருந்து விஷயத்தில் பணத்தைவிட நேரம் பெரிது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 10 நாள். விலை சில ரூபாய். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் மரணத்தை அது 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறக்கியது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை தெரியவில்லை. மருந்து எடுத்தவர்களில் 17.8, எடுக்காதவர்களில் 14 சதவீதம் இறந்தார்கள். இங்கே இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். கட்டுப்படாத சர்க்கரையோடு அது சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை கிளம்பியது. 2021 ஜூலைக்குள் 45,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். குணமானவர்களின் ரத்தப் பிளாஸ்மாவுக்காக ஊரெல்லாம் அலைந்த குடும்பங்களையும் மறக்க முடியாது. 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய சோதனை அதில் பலனில்லை என்று காட்டிய பிறகும், வழிகாட்டியிலிருந்து அதை நீக்க 2021 மே ஆனது.

மரபணு காரணமில்லையா என்று கேட்பார்கள். ஓரளவு பங்கு உண்டு. தீவிர நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும், நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த ஒரு மரபணுத் துண்டு தெற்காசியர்களில் சுமார் பாதிப்பேரிடம் இருக்கிறது. ஐரோப்பியர்களில் 16 சதவீதம். நம் ரத்தத்துக்குத் தனி வலிமை என்ற பேச்சுக்கு அது நேர் எதிரானது. மரபணுவை ஓரங்கட்டிய பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1918 நவம்பர் 7 அன்று டலூன் என்ற கப்பல் ஃப்ளூவோடு பசிபிக் கடலில் உள்ள மேற்கு சமோவாவின் அபியா துறைமுகத்துக்குள் அனுமதிக்கப்பட்டது. அங்கிருந்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அங்கே ஒருவரும் இறக்கவில்லை. ஒரே இனம், ஒரே உணவு, ஒரே வெயில்.

2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததும் அதே பாடம். ஒமிக்ரான் பரவியபோது 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோர் தடுப்பூசி போடாமலிருந்தார்கள். சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். முதியவர்கள் அநேகமாக எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்ட நியூசிலாந்து அதே ஒமிக்ரானை மிகக் குறைந்த இழப்போடு கடந்தது. இளைஞர்கள் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்பதைவிட, வீட்டில் இருக்கும் தாத்தாவும் பாட்டியும் போட்டார்களா என்பதுதான் மரணக் கணக்கைத் தீர்மானித்தது.

வீட்டு அளவில் உயிரைக் காப்பது ஆக்சிஜன் குறைவதை முன்கூட்டிப் பிடிப்பதே. ரத்தத்தின் ஆக்சிஜனை விரலில் அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில், கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 94-க்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனை. உட்கார்ந்திருக்கையில் சரியாக இருந்து, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்தபின் 3 புள்ளி இறங்கினாலும் அப்படியே. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதத்திலும் வெள்ளையர்களிடம் 3.6 சதவீதத்திலும் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவு தவறவிடப்பட்டது தெரியவந்தது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், நோயாளி கவனிக்காத நேரத்தில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 24 அல்லது அதற்கு மேல் என்றால், கருவி 96 காட்டினாலும் கிளம்ப வேண்டியதுதான்.