படிக்குப் படி ஒரு ஃபோட்டான்

“செவ்வாயில் மீத்தேன் நூறு கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது என்கிறார்களே, அதைப் போய் எப்படி அளந்தார்கள்?” ஒரு வாசகரின் கேள்வி இது. கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி கண்ட அளவு நூறு கோடிக்கு 0.24 முதல் 0.65 பங்கு வரை; பருவத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது. அளந்தது ஒரு லேசர்; குவாண்டம் கேஸ்கேட் லேசர் என்ற வகையின் நெருங்கிய உறவு.

அடிப்படை பள்ளிப்பாடம்தான். ஒவ்வொரு மூலக்கூறும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் ஒளியை மட்டும் விழுங்கும். மீத்தேனுக்கு அலைநீளம் 3.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கம், கார்பன் மோனாக்சைடுக்கு 4.6, நைட்ரிக் ஆக்சைடுக்கு 5.3. எல்லாம் நடு அகச்சிவப்பு. அங்கே ஒளிர்ந்த காரீய உப்பு லேசர்களோ கடுங்குளிரில் வைத்தால்தான் வேலை செய்தன.

சாதாரண டையோடு லேசரில் எலெக்ட்ரான் ஒரு துளைக்குள் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம்) விழும், ஒரு ஃபோட்டான் தரும், அதோடு சரி. நிறத்தையும் பொருளே தீர்மானித்துவிடும். 1971இல் ரஷ்யர்களான கசாரினோவும் சூரிஸும் வேறு வழி சொன்னார்கள்; குவாண்டம் கேஸ்கேட் லேசரின் விதை அதுதான். இரண்டு குறைகடத்திகளைச் சில நானோமீட்டர் கனத்தில் மாற்றி மாற்றி அடுக்குங்கள். மெல்லிய அடுக்குக்குள் சிக்கிய எலெக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களே உண்டு. அவற்றின் இடைவெளி அடுக்கின் கனத்தைப் பொறுத்தது. ஆக, பொருளை மாற்றாமலே கனத்தை மாற்றி நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம்! மின்னழுத்தம் கொடுத்தால் அடுக்குகள் மொத்தமும் படிக்கட்டு போலச் சரியும். எலெக்ட்ரான் ஒரு படி இறங்கி ஃபோட்டான் தரும், மெல்லிய தடுப்பை ஊடுருவி அடுத்த அடுக்கின் மேல்மட்டத்தில் போய் நிற்கும், மறுபடி இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். லேசர் வேலை செய்ய மேல்மட்டத்தில் கூட்டம் அதிகமிருக்க வேண்டும். கீழ்மட்டம் உடனுக்குடன் காலியாக வேண்டும். அதற்காகக் கீழ்மட்டத்துக்கு அடியில் இன்னொரு மட்டம் வைத்தார்கள். இடைவெளி ஏறக்குறைய அந்தப் படிகத்தின் சொந்த அதிர்வாற்றலேதான். எலெக்ட்ரான் படிகத்தை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, ஒரு பிகோசெகண்டுக்குள் (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கீழே நழுவிவிடுகிறது. மேலே அது பல பிகோசெகண்டு தங்குகிறது. அந்த வித்தியாசத்தில்தான் லேசரே பிழைக்கிறது.

1994இல் பெல் ஆய்வகத்தில் ஃபைஸ்ட், கபாசோ குழுவினர் 25 படிகளோடு இதைச் செய்து காட்டினார்கள். யோசனைக்கும் கருவிக்கும் நடுவே 23 ஆண்டுகள். அணு அணுவாக அடுக்கும் முறையை அதே ஆய்வகத்தில் ஆல்ஃப்ரட் சோ வேறு காரணங்களுக்காக வளர்த்து வைத்திருந்தார். அது இல்லாமல் இது நடந்திருக்காது. மூன்றாண்டில் என்ன பலன் என்று கேட்டே பணம் தரும் குழுக்களிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நிறத்தை நகர்த்துவது எளிது. மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் சில்லு சூடாகும், ஒளிவிலகல் எண் மாறும், அலைநீளம் துளி நகரும். மீத்தேன் விழுங்கும் அலைநீளத்தைத் தாண்டி அப்படி ஓட்டினால் உணரிக்கு வரும் ஒளியளவில் ஒரு பள்ளம் விழும். ஆழத்தை வைத்து அளவைக் கணக்கிடலாம். கியூரியாசிட்டியில் இருப்பது இந்த லேசரின் ஒன்றுவிட்ட தம்பி. இதுவும் படிப்படியாக இறங்குவதுதான். 3.27 மைக்ரான் கதிர் சிறிய கலத்துக்குள் 81 முறை குறுக்கே ஓடுகிறது, மொத்தம் 16.8 மீட்டர்.

ஆனால் கருவியின் ஒரு அறைக்குள் பூமியிலிருந்தே கொஞ்சம் மீத்தேன் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. அதனால் கலத்தைக் காலி செய்து ஒரு தடவை, செவ்வாய்க் காற்றை நிரப்பி ஒரு தடவை அளந்து கழிக்கிறார்கள். செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய-ரஷ்யச் சுற்றுக்கலமான டிரேஸ் கேஸ் ஆர்பிட்டரின் கருவிகளோ இதுவரை மீத்தேனே தென்படவில்லை என்கின்றன.