காட்டிடம் கணக்குப் பார்க்காதவர்கள்

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் காட்டுநாயக்கர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் மீன் பிடிப்பதும் இவர்களது தொன்றுதொட்ட பிழைப்பு. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, “நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?” என்றுதான் முதலில் தோன்றும். அவர்களுக்கோ அந்தக் கவலை பெரிதாக இருந்ததில்லை.

உணவு தேட நேரம் குறைவாகவே ஆகிறது, அதனால்தான் இந்த நிம்மதி என்று ஒரு விளக்கம் உண்டு. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் காட்டுணவு சேகரித்தும் வாழ்ந்த மக்களிடம் 1964இல் மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ கணக்கெடுத்தபோது, உணவு தேட அவர்களில் பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் சமையல், விறகு, கருவி செய்வது எல்லாம் அதில் சேரவில்லை என்ற விமர்சனம் பிறகு வந்தது. நியாயமான விமர்சனம்தான். மணிக்கணக்கு மட்டும் ஒரு மனநிலையை விளக்கிவிடாது.

காட்டுநாயக்கரோடு 1978–79இல் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் நூரித் பேர்டு-டேவிட் 1990இல் வேறொரு விளக்கம் சொன்னார். காடு இவர்களுக்குத் தாய் தகப்பன். பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு யாரும் கைம்மாறு கேட்பதில்லை, காடும் அப்படித்தான். பக்கத்திலேயே பயிர் செய்து வாழும் முள்ளுக் குறும்பருக்கும் பெட்டக் குறும்பருக்கும் இயற்கை ஒரு மூதாதை. முறையாகப் படைத்தால் விளைச்சல் தரும், தவறினால் தராது. நம் கல்யாண வீட்டு மொய் நோட்டு போல அதில் வரவும் உண்டு, திருப்பிச் செய்வதும் உண்டு. காட்டுநாயக்கரிடம் அந்த நோட்டே கிடையாது.

சரி, ஒரே பெற்றோர் என்றால் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். பேர்டு-டேவிட் பார்த்த காலத்தில், பெரிய விலங்கு ஒன்று கிடைத்தால் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் பங்கு போகும். வேட்டைக்குப் போகாதவருக்கும் உண்டு, வயதானவருக்கும் உண்டு. அடுத்தவர் கையில் இருப்பதைக் கேட்பதில் கூச்சமில்லை. இல்லை என்று மறுப்பதுதான் கேவலம். இது வெறும் நல்ல குணம் மட்டுமல்ல. வேட்டை நிச்சயமில்லாத தொழில், இறைச்சியோ நாள்பட நிற்காது. இன்றைக்கு வெறுங்கையோடு திரும்பியவருக்கும் சாப்பாடு கிடைக்க இதைவிட உறுதியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அடிக்கடி இடம் மாறுகிறவருக்குச் சேர்த்து வைத்த பொருள் சுமைதானே?

தோட்ட வேலைக்கு வரும்போதும் இதே பார்வையோடுதான் வருகிறார்கள். கூலி என்பது காட்டில் கிடைப்பவற்றோடு சேர்ந்த இன்னொன்று. கொஞ்ச நாள் வருவார்கள், அப்புறம் தேனுக்கோ கிழங்குக்கோ போய்விடுவார்கள், மறுபடி வருவார்கள். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். அது பெரிய அநியாயம். ஒரே வருமானத்தை நம்பி உட்காராமல், எது எப்போது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் காட்டில் பழகிய தொழில்முறை.