கழுத்தில் மின்சாரம் கொடுத்தால் வீசிங் நிற்குமா?

முழங்கால் வலிக்கு வாங்கிய, தோலில் ஒட்டி லேசான மின்சாரம் செலுத்தும் டென்ஸ் கருவியைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளலாமா என்று ஆஸ்துமா நோயாளிகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கருவியோடு வரும் கையேட்டிலேயே முன்கழுத்தில் ஒட்டக் கூடாது என்று இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? குரல்வளைத் தசைகள் இறுகிக்கொள்ளலாம், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.

ஆனாலும் கேள்வியில் பொருள் இருக்கிறது. மூச்சுக்குழாயை இறுக்கும் கட்டளை, மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகத்தான் போகிறது. நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம் என்ற மருந்து தடுப்பது அந்தக் கட்டளையைத்தான். அந்த நரம்பைப் பலமாகத் தூண்டினால் இழுப்பு கூடும். குறைந்த மின்னழுத்தத்தில் தூண்டியபோதோ, கினிப் பன்றிகளின் மூச்சுக்குழாய் இறுக்கம் தளர்ந்தது. உடலே அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரப்பதுதான் காரணம் என்றது 2012இல் வந்த ஆய்வு. பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மனிதர்களிடமும் சிறிய அளவில் சோதித்தார்கள். 2020 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கோவிட் இருந்த அல்லது இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட, மருந்துகள் போதாத ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கழுத்தில் வைத்து இந்த நரம்பைத் தூண்டும் காமாகோர் என்ற கருவியை அவசரகால அடிப்படையில் அனுமதித்தது. அது முழு ஒப்புதல் அல்ல.

இந்த ஆய்வுகளில், இழுப்போடு வருபவருக்கு நெபுலைசரும் ஸ்டீராய்டும் கொடுத்துவிட்டுத்தான் மின்தூண்டலும் கொடுக்கிறார்கள். அவர் தேறினால் பெருமை மருந்துக்கா, மின்சாரத்துக்கா?

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்புடமால் மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், பொய் அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். சில நாட்கள் எதுவும் கொடுக்கவில்லை. முதல் நொடியில் ஊதித்தள்ளும் காற்று, உண்மை மருந்தில் 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான். ஆனால் "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது, மருந்துக்கு 50 சதவீதம், வெற்று இன்ஹேலருக்கு 45, பொய் அக்குபங்சருக்கு 46 என்றார்கள். மூச்சுக்குழாய் திறக்காமலே நெஞ்சு லேசானதாகத் தோன்றும் நோய் இது. ஆபத்தும் அங்கேதான்.

மின்தூண்டலில் இன்னொரு சிக்கல்: உண்மைக் கருவி கழுத்தில் குறுகுறுக்கும். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் பொய்க் கருவியும் அப்படியே குறுகுறுக்காவிட்டால், தனக்குக் கிடைத்தது எதுவென்று நோயாளி கண்டுபிடித்துவிடுவார்.

இத்தகைய ஆய்வில் சேர உங்களை அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பெற்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து அளப்பார்களா என்று விசாரியுங்கள். தினசரி இன்ஹேலரை நிறுத்தச் சொன்னால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.