நியூரோடைவர்ஜென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழந்தையின் பரிசோதனை அறிக்கையோடு வீடு திரும்பும் பெற்றோர் முதல் வேலையாக அதில் உள்ள சொற்களைத் தேடிப் பார்ப்பார்கள். அப்படித் தேடும்போது இப்போதெல்லாம் அடிக்கடி எதிர்ப்படும் சொல் நியூரோடைவர்ஜென்ட். கேட்க நோயின் பெயர் போல இருக்கும், ஆனால் நோய்ப் பெயர் இல்லை. மருத்துவர் எழுதுவது ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத்துடிப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) போன்ற தனிப் பெயர்களை. அவற்றுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல்தான் இது. கவனிப்பது, கற்பது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் உள்வாங்குவது ஆகியவற்றில் பெரும்பாலானவர்களிடமிருந்து வேறுபட்டு இயங்கும் மூளை கொண்டவர் என்று பொருள்.

இதற்கு முன் பிறந்தது நியூரோடைவர்சிட்டி, அதாவது மனித மூளைகள் பலவிதமாக இயங்குகின்றன என்ற கருத்தைச் சொல்லும் சொல். ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தன் பட்ட ஆய்வில் அதைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு ஹார்வி புளூம் என்ற அமெரிக்கர் அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் தங்களுக்குள் இந்தக் கருத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால், முழுப் பெருமையையும் ஒருவர் கணக்கில் எழுதுவது சரியல்ல. 2000ஆம் ஆண்டையொட்டி நியூரோடைவர்ஜென்ட் என்ற சொல்லை உருவாக்கியவர் காசியேன் அசாசுமாசு. அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். ஆக, இரண்டு சொற்களுமே மருத்துவர்கள் கொடுத்தவை அல்ல.

சொல்லைப் பிரித்தால் ஒரு சுவையான விஷயம் கிடைக்கிறது. நியூரான் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பழைய பொருள் தசைநார், வில்லின் நாண், யாழின் தந்தி. நம் 'நரம்பு' அப்படியே இதற்கு ஈடு. தொல்காப்பியத்தில் வரும் நரம்பு யாழ் நரம்புதான். உடலுக்குள் ஓடுவதும் நரம்புதான். பின்பாதி லத்தீன். 'வெர்கெரே' என்றால் சாய்தல், வளைதல்; முன்னொட்டைச் சேர்த்தால் வேறு பக்கமாகச் சாய்தல். தவறிப் போதல் என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

தமிழாக்கத்தில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். 'நரம்பியல் பிறழ்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். பிறழ்வு என்றதும் நமக்கு நெறி பிறழ்வது, வாக்குப் பிறழ்வது எல்லாம் நினைவுக்கு வரும். அதில் குற்றவாடை உண்டு, வேண்டாம். 'குறைபாடு' நம் கலைச்சொல்லாளர்களின் பழக்கதோஷம். எதன் வாலிலும் அதை ஒட்டிவிடுவார்கள். ஆட்டிசத்துக்கு 'தன்முனைப்புக் குறைபாடு' என்று பெயர் வைத்ததைப் பாருங்கள். தன்முனைப்பு என்றால் நான் என்ற முனைப்பு, அகங்காரம். அது குறைந்தால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றுகிறது. சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் 1911இல் எழுதிய ஆட்டிசம் என்ற சொல்லின் வேர், 'தான்' என்று பொருள்படும் கிரேக்க 'ஆட்டோஸ்'. வேரைப் பிடித்துக்கொண்டு குழந்தையைக் கோட்டைவிட்ட மொழிபெயர்ப்பு இது. ஆட்டிசம் என்றே எழுதுவது மேல்.

நியூரோடைவர்சிட்டிக்கு 'நரம்பியல் பன்மை' நன்றாகப் பொருந்துகிறது. உயிர்ப்பன்மை என்று ஏற்கெனவே பழகியிருக்கிறோம். ஆனால் ஒரு குழந்தையைப் பார்த்து 'நரம்பியல் பன்மைக் குழந்தை' என்று எழுதக் கூடாது. ஒருவர் எப்படிப் பன்மை ஆவார்? வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்தால் பன்மை. அந்த நாற்பதில் ஒருத்தியைச் சொல்ல, 'நரம்பியல் வேறுபாடுள்ள குழந்தை' என்பதே என் தேர்வு. இதிலும் ஒரு நெருடல் உண்டு. நரம்பு என்றதும் நரம்புத் தளர்ச்சி விளம்பரம் ஞாபகம் வருபவர்கள் இருக்கிறார்கள். பழகப் பழகப் போய்விடும்.

சரி, ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டல்? பெற்றோர் பேச வேண்டிய இடங்கள் வேறுவேறு என்பதால்தான். சலுகை, சான்றிதழ் என்று போகும் இடத்தில் மருத்துவப் பெயர்தான் செல்லும். அங்கே பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உறவினர்களிடம் 'வேறுபாடு' என்ற சொல் உதவும். 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்ல வருபவரிடம், பிறவியிலேயே இவள் மூளை வேலை செய்யும் விதம் அப்படி என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். வகுப்பாசிரியரிடமோ இரண்டு சொல்லுமே போதாது. "ஒரு வேலை சொன்னால் பத்து வினாடி காத்திருங்கள், அதற்குள் திருப்பிச் சொல்லாதீர்கள். மணி அடிக்கும் முன் சொல்லிவிடுங்கள், காதைப் பொத்திக்கொள்வாள்" என்று சொன்னால் அவருக்குப் புரியும், மறுநாளே செய்து பார்க்கவும் முடியும்.

வேறுபாடு என்று சொல்லிவிட்டதால் சிரமம் இல்லை என்றாகிவிடாது. பேச்சுப் பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு அது தேவைதான். தூங்காத இரவுகளில் பெற்றோருக்குத் துணை தேவைதான். உதவி கேட்பதற்கு முதலில் குழந்தையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகைகளில் எழுதுபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை' என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். 'ஆட்டிசம் உள்ள குழந்தை' என்று போடுங்கள். மூன்றே எழுத்து, இடமும் மிச்சம்.