புற்றில் பால் ஊற்றும் முன்

திருச்செங்கோடு மலைக்கு நாககிரி என்றும் பெயர். படியேறும் வழியில், பாறையிலேயே செதுக்கிய ஐந்து தலை நாகர் 60 அடி நீளத்துக்குக் கிடக்கிறார், மேனியெங்கும் குங்குமம். மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகை இருக்கிறது. முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் ஆற்றலைச் சித்தர்கள் பாம்பாகத்தான் கண்டார்கள். கொங்குச் சீமையில் நாகம் சாமிதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கும்பிடும் முறையில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும்.

புற்றைக் கட்டுவது கறையான். உள்ளே வெயில் ஏறாது, ஈரம் காயாது. அதனால்தான் நல்லபாம்பு அங்கே குடியேறுகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை 10 முதல் 30 முட்டை வரை இடும். குஞ்சு பொரிய ஏறக்குறைய 2 மாதம். நாம் ஆடியில் பாலும் முட்டையும் கொண்டுபோகும்போது உள்ளே குஞ்சு பொரிந்துகொண்டிருக்கலாம். ஊற்றிய பால் புளித்து எறும்பு மொய்க்கும். பாலைச் செரிக்கும் குடல் பாம்புக்கு இல்லை. பட்டினி போட்டுத் தாகத்தில் தவிக்கவிட்டால் எதையும் குடிக்கும், அவ்வளவுதான். பொரிந்த அன்றே குஞ்சுக்கும் நஞ்சு உண்டு. ஆகவே புற்றுக்கண்ணில் கைவிட்டு முட்டை வைக்க வேண்டாம். அரசமரத்தடி நாகர் சிலைக்குப் பால் ஊற்றுங்கள்; புற்றைத் தள்ளி நின்று கும்பிடுங்கள்.

நாகத்திடம் கற்க வேண்டியது அதன் அடக்கத்தை. படம் எடுப்பது கழுத்து விலா எலும்புகளை விரித்து விடுக்கும் எச்சரிக்கை: 'விலகிப் போ' என்கிறது. நஞ்சு அதற்கு இரை பிடிக்கும் முதலீடு, வீணாக்க விரும்பாது. சில கடிகளில் நஞ்சே இறங்காது. மந்திரித்துப் பிழைத்ததாகச் சொல்லப்படுபவர்களில் பலர் இப்படித் தப்பியவர்களே. நஞ்சு இறங்கிய கடியை மந்திரம் தடுக்காது. மந்திரிப்பவரிடம் கழியும் நேரம்தான் உயிரை வாங்குகிறது.

படம் எடுத்து நிற்கும் பாம்பு அசைவதைத்தான் குறிவைக்கும். கையை வீசாமல் மெல்லப் பின்வாங்குங்கள், 10 அடி தள்ளியே நில்லுங்கள். சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, ஒட்டிச் சோளத்தட்டுப் போரும் விறகும் அடுக்காதீர்கள். எலி வரும், பின்னாலேயே பாம்பு வரும். ராத்திரி கரண்ட் வந்து மோட்டார் போடப் போகிறவர்கள் டார்ச்சும் கணுக்கால் மூடும் பூட்ஸும் இல்லாமல் வரப்பில் இறங்கவே கூடாது.

கடித்துவிட்டால் மோதிரம், மெட்டி, வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கினால் கழலாது. இறுக்கிக் கட்டாதீர்கள்: நல்லபாம்பு நஞ்சு சதையை அழுகவைக்கும், கட்டு அதை ஒரே இடத்தில் தேக்கிவிடும். கீறவும் உறிஞ்சவும் வேண்டாம். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் கைகால் அசையாதபடி மரச்சட்டம் வைத்து, நடக்கவிடாமல் 108-ஐ அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இமை தொங்குவது, குரல் குழறுவது, எச்சில் விழுங்க முடியாதது எல்லாம் மூச்சு நிற்கப்போவதன் அறிகுறி. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே நஞ்சுமுறிவு மருந்துதான்; பெரும்பாலும் 10 குப்பியில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளுக்குத் தக்கபடி நஞ்சைக் குறைத்துக் கடிப்பதில்லை. அளவைப் பார்த்துப் பயந்து தடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பரிலிருந்து அறிவிக்கத்தக்க நோய். சிகிச்சை தரும் மருத்துவமனை அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அடையாளம் காட்டவென்று பாம்பை அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. வெட்டுண்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.