ஒரே சட்டைக்கு இரண்டு விலை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி 10,000 டி-ஷர்ட்டுகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 5 டாலர் தர அங்கே வாங்குபவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் தூத்துக்குடியில் சுங்கத்துறையிடம் காட்டும் இன்வாய்ஸில் 3.50 டாலர் என்றிருக்கிறது. அது ஜெர்மனிக்காரர் பெயரிலும் இல்லை. வரியே இல்லாத ஏதோ ஒரு தீவில் பதிவான இடைக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அந்தக் கம்பெனி அதே சரக்குக்கு 5 டாலர் போட்டு ஜெர்மனிக்கு இன்னொரு இன்வாய்ஸ் எழுதுகிறது. பெட்டிகள் நேராக ஹாம்பர்க் துறைமுகம் போகின்றன. காகிதம் மட்டும் தீவைச் சுற்றிக்கொண்டு போகிறது. 15,000 டாலர் அங்கேயே தங்கிவிடுகிறது. இடைக் கம்பெனியின் உண்மையான முதலாளி திருப்பூரில்தான் இருக்கிறார்.

இது கற்பனைக் கணக்கு. முறை கற்பனையல்ல. கறுப்புப் பணம் என்றதும் நமக்கு ஹவாலா உண்டியல்காரர்களும் பெட்டி நிறைய நோட்டுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாடு விட்டு நாடு போகும் கள்ளப் பணத்தில் பெரும் பங்கு இப்படி முறையான வணிகத்தின் உள்ளேயே பயணம் செய்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 8,860 கோடி டாலர் கள்ளத்தனமாக வெளியேறுவதாக ஐ.நா. வணிக வளர்ச்சி அமைப்பு 2020-இல் மதிப்பிட்டது.

இதில் போவது வரி மட்டுமல்ல. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் "கட்டுப்படியாகவில்லை" என்று மேசைக்கு வருவது அந்த 3.50 டாலர் கணக்குதான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மறுக்கப்படும் காசு தீவில் கிடக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதும் ஏற்றுமதியாளரோ வரியையும் கட்டிவிட்டு, கட்டாதவரோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வங்கிக் கணக்கில் இது சிக்காதா? ஏற்றுமதிக்கு உரிய டாலர் வந்து சேர்ந்ததா என்று பார்க்க ரிசர்வ் வங்கி 2014 முதல் ஒரு கணினி முறையை நடத்துகிறது. சுங்கத்துறையிடம் தரும் ஏற்றுமதிப் பத்திரமான ஷிப்பிங் பில்லில் உள்ள தொகையும் வங்கிக்கு வந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும். 3.50 டாலர் என்று எழுதி 3.50 டாலர் வந்துவிட்டால் கணக்கு நேர். விலையே பொய் என்பதை அந்த ஒப்பீடு அறியாது.

ஆனால் ஒவ்வொரு சரக்கும் இரண்டு நாடுகளில் பதிவாகிறது. 1988 முதல் உலகம் முழுவதும் சரக்குகளுக்குப் பொதுவான எண் முறை இருக்கிறது. பின்னலாடை டி-ஷர்ட்டுக்கு 6109. இறக்குமதி செய்யும் நாடு, சரக்கு உற்பத்தியான நாட்டையும் குறித்துக்கொள்கிறது. ஆகவே இன்வாய்ஸ் எந்தத் தீவைச் சுற்றினாலும் ஜெர்மனியின் ஏட்டில் "இந்தியா, 6109, 50,000 டாலர்" என்று விழும். இந்திய ஏட்டிலோ 35,000. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதைக் கண்ணாடி ஒப்பீடு என்கிறார்கள்.

வித்தியாசம் எல்லாமே திருட்டு ஆகாது. ஏற்றுமதி ஏட்டில் கப்பல் ஏறும்வரையான விலை இருக்கும். இறக்குமதி ஏட்டில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும். டிசம்பரில் ஏற்றிய சரக்கு ஜனவரியில் இறங்கினால் இரண்டு ஆண்டுக் கணக்குகளில் விழும். இவற்றைக் கழித்த பிறகும் ஆண்டுக்காண்டு ஒரே திசையில் நிற்கும் இடைவெளிதான் சந்தேகத்துக்குரியது. வாங்குபவரும் உடந்தையாகி இரு ஏட்டிலும் ஒரே பொய்யை எழுதினால் கண்ணாடியும் பயன்படாது. அப்போது ஒரு சட்டையின் விலையை, அதே வகைச் சட்டைகளை மற்றவர்கள் அனுப்பும் விலைகளோடு ஒப்பிட்டு, ஒட்டாமல் நிற்பதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: தீவிலிருக்கும் கம்பெனி யாருடையது? பனாமாவின் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்து 2016-இல் வெளியான பனாமா ஆவணங்களில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய அமைப்புகள் இருந்தன. உண்மையான உரிமையாளர் யார் என்பது அதிகாரிகளுக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும் என்ற விதியை, கள்ளப் பணத் தடுப்புக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2022-இல் இறுக்கியது. இந்தியாவில் 2018 முதல், ஒரு கம்பெனியில் மறைவாக 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவரே தன்னை அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் இந்தப் பட்டியல்கள் பொதுமக்களுக்கும் திறந்திருந்தன. தனியுரிமையைக் காரணம் காட்டி 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது பின்னடைவு என்பதே என் கருத்து. இத்தகைய பட்டியல்களைப் பொறுமையாகத் தோண்டுபவர்கள் பத்திரிகையாளர்கள்தான்.

போன பணத்தை மீட்பது இதைவிடக் கடினம். நைஜீரியச் சர்வாதிகாரி சானி அபாச்சா 1998-இல் இறந்தார். அவர் பதுக்கியதில் ஒரு பகுதியான சுமார் 32 கோடி டாலரைச் சுவிட்சர்லாந்து திருப்பித் தருவதற்கான ஒப்பந்தம் 2017 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அதனால்தான் சரக்கு துறைமுகத்தில் இருக்கும்போதே பிடிப்பது முக்கியமாகிறது. கண்ணாடி ஒப்பீட்டுக்குப் பொதுவில் கிடைப்பவை மொத்தப் புள்ளிவிவரங்கள் மட்டுமே. எந்தப் பெட்டி, யாருடையது என்று அவை சொல்லாது. தனித்தனி இன்வாய்ஸ்களை ஒரு நாட்டுச் சுங்கத்துறை இன்னொன்றுக்குக் காட்டுவது, பெரும்பாலும் குறிப்பிட்ட வழக்கு ஒன்றைச் சொல்லி எழுதிக் கேட்டால்தான்.